விலங்குகள் ஏன் முரண்டு பிடிக்கின்றன?

செஞ்சிக் கோட்டை என்றதும் ராஜா தேசிங்கு நம் நினைவுக்கு வருவான். அவனோடு அவனுடைய குதிரை பாராசாரியும் வந்துவிடும். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து 1714ஆம் ஆண்டில் போரிட்டு மடிந்த அந்த இளைஞனைப் பற்றிய கதைப்பாடல் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலம் பாடப்பட்டு வந்தது. டில்லியில் எவருக்கும் அடங்காமல் நின்ற குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்கினான் என்பது அக்கதை. கேட்பவர் அனைவரும் அவனுடைய வீரத்தை வியப்பர். கால்நடை மருத்துவர் ஒருவர் கேட்டாலோ அவர் மனத்தில் வேறொரு கேள்வி எழும். அக்குதிரை ஏன் அடங்கவில்லை?

இதை ஒத்த கதை கிரேக்க நாட்டிலும் உண்டு. அலெக்சாந்தரின் தந்தை பிலிப்பிடம் ஒரு குதிரை விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் புசெபலஸ். எவரையும் அது அருகே விடவில்லை. சிறுவன் அலெக்சாந்தர் சற்று நேரம் அதை உற்றுப் பார்த்தான். தரையில் ஆடும் தன் நிழலைக் கண்டே குதிரை மிரளுகிறது என்பதைக் கண்டுகொண்டான். கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையைச் சூரியனை நோக்கித் திருப்பினான். நிழல் பின்னால் போயிற்று, குதிரையும் அமைதியடைந்தது. வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதி வைத்துள்ள இச்செய்தி உண்மையோ கதையோ, அதில் ஒரு நல்ல மருத்துவரின் வழி அடங்கியிருக்கிறது. அலெக்சாந்தர் முதலில் பார்த்தான். பிறகு காரணத்தைக் கண்டான். கடைசியாகத்தான் குதிரையைத் தொட்டான்.

மாணவர்களே! உதைக்கும் மாடு, கடிக்கும் நாய், பையைப் பறிக்கும் குரங்கு, மதம் கொண்ட யானை ஆகியவற்றைப் பற்றி நாம் அன்றாடம் கேள்விப்படுகிறோம். "அது கெட்ட மாடு", "அது வெறி பிடித்த நாய்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல் விழுந்த பிறகு மாடு சந்தைக்குப் போகிறது. நாய் தெருவில் விடப்படுகிறது, அல்லது அடித்துக் கொல்லப்படுகிறது. இடையில் சில மனிதர்களும் காயப்படுகிறார்கள். கால்நடை மருத்துவ அறிவியல் இச்சிக்கலை எவ்வாறு நோக்குகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி

உடம்பு சுடுகிறது என்றால் காய்ச்சல் என்கிறோம். ஆனால் காய்ச்சல் ஒரு தனி நோயன்று; உள்ளே இருக்கும் ஏதோ ஒரு நோயின் அறிகுறி. மலேரியாவிலும் காய்ச்சல் வரும், டைபாய்டிலும் வரும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. விலங்கின் முரண்டும் இப்படிப்பட்ட ஓர் அறிகுறியே.

எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு மின்னோட்டமானி தாறுமாறாக அளவு காட்டினால் மாணவர்கள் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். முதலில் இணைப்புகளைப் பாருங்கள், பிறகு மின்கலத்தைப் பாருங்கள், அதன் பின் கருவியைச் சந்தேகப்படலாம் என்று நாங்கள் கூறுவோம். நடத்தைச் சிக்கலை ஆராயும் மருத்துவரும் இவ்வாறே வரிசையாகக் கேள்விகள் கேட்கிறார். உடலில் ஏதேனும் குறை உண்டா? இந்தச் செயலை விலங்கு எங்கே, எப்படிக் கற்றுக்கொண்டது? அதன் சூழலில் எது மிகுதி, எது குறைவு?

இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் கன்ராட் லாரன்ஸ், நிக்கோ டின்பெர்கன், கார்ல் வான் ஃபிரிஷ் ஆகிய மூவருக்கு 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1966ஆம் ஆண்டில், கால்நடைகளின் நடத்தையை ஆராய்வதற்கென்று எடின்பரோ நகரில் ஒரு சங்கம் தோன்றியது. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டில் இது கால்நடை மருத்துவத்தின் ஒரு தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்கப்பட்டது. நம் நாட்டில் தனி நிபுணர்கள் மிகக் குறைவு. ஆயினும் நல்ல கால்நடை மருத்துவர் எவரும் இக்கேள்விகளைக் கேட்கவே செய்வார்.

முதற் கேள்வி: உடலில் என்ன குறை?

நேற்று வரை சாதுவாக நின்று பால் கொடுத்த பசு இன்று கறக்க உட்கார்ந்ததும் உதைக்கிறது. வீட்டுக்காரர் அணைக்கயிற்றைத் தேடுகிறார். மருத்துவரோ காம்பைத் தொட்டுப் பார்க்கிறார். மடி சூடாக இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, பாலில் திரி திரியாக ஏதும் வருகிறதா, காம்பில் வெடிப்பு உண்டா என்று பார்க்கிறார். மடிநோய் கண்ட பசுவுக்குக் காம்பைப் பிடித்தாலே வலி உயிர் போகும். அதனிடம் இருப்பது வாயில்லை, கால்தான். அந்தக் காலால் அது சொல்கிறது. மடிநோய் குணமானால் பெரும்பாலும் உதையும் நின்றுவிடும்.

நாய்களுக்கும் இது பொருந்தும். நடத்தைச் சிக்கலுக்காகச் சிறப்பு மருத்துவரிடம் கொண்டுவரப்படும் நாய், பூனைகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கிற்கு ஏதேனும் ஒரு வலி தொடர்பு கொண்டிருக்கக் கூடும் என்று இங்கிலாந்தின் டேனியல் மில்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2020ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். இடுப்பு மூட்டு வலியுள்ள நாயைக் குழந்தை ஆசையோடு கட்டிப்பிடிக்கிறது, நாய் சீறுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது "காரணமில்லாமல்" சீறியது போலத் தோன்றும்.

சில சமயம் குறை மண்ணிலேயே இருக்கும். மாடுகள் எலும்பு, துணி, கயிறு, மண் முதலியவற்றைத் தின்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் எலும்பு தின்ற மாடுகள் கூட்டங்கூட்டமாகக் கால் முடங்கி இறந்தன. ஆர்னால்டு தைலர் என்ற கால்நடை அறிஞர் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதன் மர்மத்தை அவிழ்த்தார். அப்பகுதியின் மண்ணில் பாஸ்பரஸ் குறைவு. ஆகவே புல்லிலும் குறைவு. உடலுக்கு வேண்டிய பாஸ்பரசைத் தேடி மாடுகள் எலும்பைக் கடித்தன. அழுகிய எலும்பில் இருந்த பொட்டுலினம் நஞ்சு அவற்றைக் கொன்றது. எலும்புத்தூளைத் தீவனமாகக் கொடுத்தபோது எலும்பு தின்னும் ஆசையே அகன்றது. இன்று நம் ஊரில் தீவனத்தோடு தாது உப்புக் கலவை சேர்க்கும்படி மருத்துவர்கள் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தெருவில் பிளாஸ்டிக் பையைத் தின்னும் மாட்டுக்குத் தாது உப்பு மட்டும் போதாது. அந்தப் பைக்குள் நாம் கட்டி எறிந்த சோறும் காய்கறித் தோலும் இருக்கின்றன. அதன் வாசனைக்கே மாடு வருகிறது.

உடல் நோய்களில் மிகக் கொடியது ஒன்றை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதுவே வெறிநோய். அமைதியான நாய் காரணமின்றிப் பாய்வது, அஞ்சி ஓடும் தெருநாய் திடீரென்று நெருங்கி வருவது, எச்சில் ஒழுகுவது, தண்ணீர் விழுங்க முடியாமல் தவிப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். மாட்டுக்கும் இது வரும். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று எண்ணி அதன் வாய்க்குள் கைவிடுவது பேராபத்து. நடத்தை திடீரென்று மாறிய எந்த விலங்கையும் மருத்துவர் பார்க்கும் வரை தொடாதீர்கள். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் குறிக்கும் நாள்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். நோய்க்குறிகள் தோன்றிய பிறகு ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை.

பாலை அடக்கும் பசு

உடலும் மனமும் கைகோத்து நிற்பதைக் காட்ட ஓர் அருமையான சோதனை உண்டு. சில பசுக்கள் மடி நிறையப் பால் இருந்தும் இறக்கிவிடாமல் அடக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1941ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதலில் மடியின் ஒரு பாதிக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்தார்கள். அப்படியும் இரு பாதிகளிலும் பால் ஒன்றுபோலவே இறங்கியது. ஆகவே "பாலை இறக்கு" என்னும் செய்தி மூளையிலிருந்து மடிக்கு நரம்பு வழியாக வரவில்லை; இரத்தத்தில் கலந்து வருகிறது என்று தெரிந்தது. அச்செய்தியைக் கொண்டுவருவது பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வெளிப்படும் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன். அது மடியிலுள்ள நுண்ணிய பால் பைகளைச் சுற்றியிருக்கும் செல்களைச் சுருங்கச் செய்கிறது. பால் பிதுங்கிக் காம்புக்கு வருகிறது.

அடுத்து, பசுவின் முதுகில் ஒரு பூனையை உட்கார வைத்தார்கள்! காற்றடைத்த காகிதப் பைகளைப் பட்டென்று உடைத்தார்கள். பசு மிரண்டது, பால் இறங்குவது நின்றது. அட்ரினலினை ஊசி மூலம் செலுத்தியபோதும் அதே விளைவு ஏற்பட்டது. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் ஆக்சிடோசினின் வேலையைத் தடுத்துவிடுகிறது என்று அவர்கள் முடிவு கட்டினர். இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. பால் தராத பசுவை அடிப்பவர், பால் வரும் வழியைத் தம் கையாலேயே அடைத்துவிடுகிறார்.

நம் முன்னோர் ஹார்மோனை அறியார்; ஆனால் பசுவை அறிவார்கள். கன்று இறந்துவிட்டால் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தாய்ப்பசுவின் முன் நிறுத்துவார்கள். பசு அதை நக்கும், பால் இறங்கும். கன்றின் உருவமும் வாசனையும் பால் இறங்குவதோடு பல நாள் இணைந்துவிட்டதால், உண்மைக் கன்று இல்லாமலே உடல் இயங்குகிறது. ருஷ்ய அறிஞர் பாவ்லவ், உணவுக்கு முன் ஓர் ஒலியைக் கேட்டுப் பழகிய நாய்க்கு அவ்வொலியைக் கேட்டதுமே உமிழ்நீர் ஊறுவதைக் காட்டினார் அல்லவா? அதே விதிதான் இங்கும் வேலை செய்கிறது. சில வீடுகளில் பால் செம்பின் ஓசை கேட்டதுமே பசுவுக்குப் பால் கசியத் தொடங்குவதும் இதனால்தான். வைக்கோல் கன்றுக்கு மாற்றாகச் சிலர் நாள்தோறும் ஆக்சிடோசின் ஊசியைத் தாமே போடுகிறார்கள். மருத்துவர் கூறாமல் இவ்வாறு செய்வது பசுவுக்குத் தீங்கு.

கோட்டைக் குரங்குகள் கற்ற பாடம்

இனி இரண்டாவது கேள்வி. இச்செயலை விலங்கு எங்கே கற்றது? இதற்கு விடை காண விரும்புவோர் செஞ்சிக் கோட்டைக்கு வரலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்று குன்றுகளை மதில் சூழ்ந்த இக்கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோ அறிவித்த மராட்டிய இராணுவ நிலவமைப்புகள் என்னும் உலகப் பாரம்பரியத் தொகுதியின் 12 கோட்டைகளில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற கோட்டை இது மட்டுமே. பார்க்க வருவோர் பெருகினால், அவர்கள் கையிலுள்ள தின்பண்டங்களும் பெருகும். இங்குள்ளவை தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக்குரங்குகள். உச்சந்தலை மயிர் குல்லாய் வைத்தாற்போல் படிந்திருக்கும்.

ஒரு குரங்கு பையைப் பறிக்கிறது. உள்ளே வாழைப்பழம் இருக்கிறது. செயலுக்குப் பின் பலன் கிடைத்தால் அச்செயல் வலுப்படும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் கொண்டு விரிவாக ஆராய்ந்தார். அவர் கண்ட விந்தைகளில் ஒன்று இது: ஒவ்வொரு தடவையும் பலன் பெற்ற பழக்கத்தைவிட, எப்போதாவது ஒரு தடவை மட்டும் பலன் பெற்ற பழக்கமே அழிக்க அரிதானது. பத்துப் பேரில் ஒன்பது பேர் துரத்தி, ஒருவர் மட்டும் பயந்து பையைப் போட்டுவிட்டு ஓடினாலும் போதும், குரங்கு முயன்றுகொண்டே இருக்கும். பரிசுச்சீட்டு வாங்குகிறவர் விடாமல் வாங்குவதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பலன் அறவே நின்றுவிட்டால், பழக்கம் உடனே குறையாது. முதலில் சில காலம் கூடும். குரங்கு முன்னைவிட முரட்டுத்தனமாக முயலும். "நிறுத்திப் பார்த்தோம், பயனில்லை" என்று மனிதர் கைவிடுவது பெரும்பாலும் இக்கட்டத்தில்தான். அப்போது கைவிட்டால், முரட்டுத்தனத்துக்கே பரிசு கொடுத்ததாகிவிடும்.

காட்டு விலங்கான குரங்கை மருத்துவர் கூடத்தில் வைத்துப் பழக்க இயலாது. அங்கே நோயாளியின் நடத்தையை மாற்ற மனிதர்தம் நடத்தையைத்தான் மாற்ற வேண்டும். தின்பண்டத்தைக் கையில் தூக்கிச் செல்லாதீர்கள். சலசலக்கும் பிளாஸ்டிக் பை அவற்றுக்கு உணவு மணி. பரிதாபப்பட்டும் உணவு கொடுக்காதீர்கள். கண்ணோடு கண் உற்றுப் பார்ப்பது அவற்றின் மொழியில் மிரட்டல். ஆகவே பார்வையைத் தாழ்த்தி, ஓடாமல் மெல்ல விலகுங்கள்.

தீபாவளி வெடியும் வீட்டு நாயும்

மூன்றாவது கேள்வி சூழலைப் பற்றியது. தீபாவளி இரவில் நாய்கள் கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடப்பதையும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி ஊரே தெரியாமல் போவதையும் பலர் கண்டிருப்பார்கள். இங்கே சிறிது கணக்குப் போடலாம்.

1999ஆம் ஆண்டு விதிப்படி, ஒரு பட்டாசின் ஒலி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலை மிஞ்சக் கூடாது. ஒலிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தொலைவு இரு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும். டெசிபலில் ஏறக்குறைய 6 குறையும். எனவே திறந்த வெளியில் 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113, 32 மீட்டரில் 107, 64 மீட்டரில் 101, 128 மீட்டரில் 95 டெசிபல். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. வேறுபாடு 35 டெசிபல். அதாவது செறிவில் சுமார் 3,000 மடங்கு! அடுத்த தெரு வெடியே இவ்வளவு. மேலும் மனிதச் செவி 20,000 ஹெர்ட்சு வரை கேட்கும்; நாயின் செவி சுமார் 45,000 ஹெர்ட்சு வரை கேட்கும். நமக்குக் கேட்காத கீச்சொலிப் பகுதியும் அதற்குக் கேட்கிறது. செஞ்சி போன்ற பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊரில் எதிரொலியும் சேரும். 340 மீட்டர் தொலைவிலுள்ள பாறைச் சுவரில் பட்ட ஒலி 2 விநாடி கழித்துத் திரும்பி வரும். ஒரு வெடி இரண்டாகும். எப்பக்கம் ஓடுவது என்று நாய் எப்படி அறியும்?

இந்த அச்சத்துக்கு ஒரு சிகிச்சை உண்டு. அதன் தொடக்கம் ஒரு மனிதக் குழந்தையிடம். பீட்டர் என்ற சிறுவன் முயலைக் கண்டு அலறுவான். மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலறிஞர், அவன் விரும்பிய தின்பண்டத்தை உண்ணும் வேளையில் முயல் கூண்டை அறையின் மறுகோடியில் வைத்தார். நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். இறுதியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். 1924ஆம் ஆண்டில் இது வெளியிடப்பட்டது. கால்நடை மருத்துவர்கள் இதையே நாய்க்குச் செய்கிறார்கள். வெடியோசையைப் பதிவு செய்து, நாய் காது நிமிர்த்தாத அளவுக்கு மிக மெல்ல ஒலிக்க விட்டு, அதே வேளையில் அதற்கு மிகப் பிடித்த உணவைத் தர வேண்டும். நாய் அமைதியாக இருந்தால் மட்டும் அடுத்த நாள் ஒலியைச் சற்றே கூட்டலாம். நடுங்கினால் ஒரு படி இறங்க வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் தொடங்கினால் பயனில்லை. பல வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

பண்டிகை அன்று சன்னல்களை மூடிய உள்ளறையில் நாயை வைத்து, வானொலியையோ மின்விசிறியையோ ஓட விடுங்கள். நடுங்கும் நாயை அணைத்துத் தேற்றினால் அச்சம் வளரும் என்று சிலர் கூறுவர். அச்சம் ஓர் உணர்ச்சி. தேற்றுவதால் அது வளர்வதில்லை.

மருந்தின் பங்கு

சில விலங்குகளுக்கு அச்சம் மிக அதிகம். அவை எதையும் கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பதில்லை. அங்கே மருந்து துணைக்கு வருகிறது. முன்பெல்லாம் அசிபுரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் கொடுப்பது வழக்கம். நாய் அசையாமல் கிடக்கும், வீட்டார் நிம்மதியடைவர். ஆனால் உடல்தான் அடங்கியது, உள்ளே அச்சம் அப்படியே இருந்தது என்பது பின்னர் புரிந்தது. பின் வந்தவை மூளையில் செரொட்டோனின் போன்ற வேதிப்பொருள்களின் அளவைச் சீராக்கும் மருந்துகள். தனிமையில் விடப்பட்டால் கதவைப் பிறாண்டி ஊளையிடும் நாய்களுக்காக, மனிதரின் மனச்சோர்வுக்குப் பயன்பட்ட குளோமிப்ரமின் அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டிலும், ஃப்ளுவாக்சிட்டின் 2007ஆம் ஆண்டிலும் ஏற்பளிக்கப்பட்டன. இவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பயிற்சியோடு சேர்த்தே கொடுக்கப்படும். மனிதருக்கு வாங்கிய மாத்திரையை விலங்குக்கு நாமே கொடுத்துவிடக் கூடாது. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

அடி உதவுமா?

"அடியாத மாடு படியாது" என்பது நம் ஊர்ப் பேச்சு. ஆய்வு என்ன கூறுகிறது? பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 140 நாய் வளர்ப்போரிடம் கேட்டறிந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களில் 43 சதவீதத்தினர் நாய் தம்மீது திரும்பச் சீறியதாகத் தெரிவித்தனர். இதில் வியப்பில்லை. கடிக்கும் நாய்களில் பல அஞ்சுகின்ற நாய்கள். அஞ்சுகிறதை அடித்தால் அச்சம் இரட்டிக்கும்.

"நான்தான் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டும்" என்ற எண்ணமும் பழைய ஆராய்ச்சி ஒன்றிலிருந்து வந்தது. முன்பின் அறியாத ஓநாய்களை ஒரே அடைப்பில் வைத்துப் பார்த்தபோது அவை தலைமைக்காகச் சண்டையிட்டன. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டமோ பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே என்று டேவிட் மெக் 1999ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இளமையிலேயே நாய்க்குட்டியை மனிதரோடு பழக்குவது இதைவிடப் பயன் தரும். 3 வாரம் முதல் 12 வாரம் வரையிலான வயதே இதற்கு ஏற்ற பருவம் என்று ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் 1965ஆம் ஆண்டு நூலில் விளக்கினர். அப்பருவத்தில் கல்லெறியும் சிறுவர்களை மட்டுமே கண்ட தெருக்குட்டி, வளர்ந்த பின் எல்லாச் சிறுவர்களையும் எப்படிப் பார்க்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

முதுமலை மூர்த்தி

இதுவரை கண்டவற்றை எல்லாம் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. கேரள, தமிழ்நாட்டு எல்லைக் காடுகளில் தந்தமில்லாத ஓர் ஆண் யானை இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இத்தகைய யானையை மக்னா என்பார்கள். அதைச் சுட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. 1998ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு வனத்துறையினர் அதை மயக்க ஊசி செலுத்திப் பிடித்தனர். அப்பணியில் முன்னின்றவர் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. யானைகளுக்காகவே வாழ்ந்த இவரை மையமாக வைத்தே எழுத்தாளர் ஜெயமோகன் "யானை டாக்டர்" என்ற கதையை எழுதினார்.

முதுமலையில் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட யானையின் உடலில் காயங்கள் இருந்தன. அவற்றுக்கு மருந்திடப்பட்டது. வலிய மரக்கூண்டான கராலில் அதைப் பழக்கினர். கரால் வாழ்க்கை எந்த யானைக்கும் எளிதன்று. ஆனால் அங்கே அதன் மீது வெடி வீசுவோர் இல்லை. வேளைக்கு உணவு வந்தது. நாள்தோறும் அதே பாகனின் குரல் கேட்டது. கொலைகார யானை என்று பெயர் பெற்ற அது, முகாமின் சாதுவான யானைகளில் ஒன்றாயிற்று. மருத்துவரின் பெயரையே சூட்டி அதை மூர்த்தி என்று அழைத்தார்கள். காயத்தின் வலிதான் அதன் மூர்க்கத்துக்கு ஒரே காரணம் என்று நாம் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆண் யானைகளுக்கு இயல்பாக வரும் மதமும் உண்டு. அக்காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பல மடங்கு உயர்கிறது. அது நோயன்று, வாரக்கணக்கில் நீடித்துத் தானே தணியும். அப்போது யானையை வேலை வாங்காமல், ஊர்வலத்துக்கு அழைக்காமல் ஓய்வாக விடுவதே வழி. ஆனால் வலி, அச்சம், உணவு, ஒழுங்கு ஆகியவற்றைக் கவனித்த பின் அதே யானை வேறு விதமாக வாழ்ந்தது என்பது கண்கூடு.

நீங்களும் செய்யலாம்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ முரண்டு பிடிக்கும் விலங்கு இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதற்பத்தியில் செயலுக்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள்: நேரம், யார் இருந்தார்கள், என்ன ஒலி கேட்டது, தீனி போட்டாயிற்றா. இரண்டாவதில் விலங்கு செய்ததை மட்டும் எழுதுங்கள். "கோபப்பட்டது" என்று எழுதாதீர்கள். "காதைப் பின்னால் மடக்கியது, வலப் பின்காலால் உதைத்தது" என்று எழுதுங்கள். மூன்றாவதில் அதன் பின் நடந்தது என்ன, விலங்குக்கு என்ன கிடைத்தது என்று குறியுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் போதும். சீண்டிப் பார்க்க வேண்டாம்.

பதினைந்து நாள் எழுதினால் ஏதேனும் ஓர் ஒழுங்கு புலப்படக் கூடும். வலப்பக்கம் உட்கார்ந்து கறக்கும்போது மட்டும் பசு உதைக்கிறது என்று தெரிந்தால், அப்பக்கத்துக் காம்பை மருத்துவர் முதலில் பார்ப்பார். சைக்கிள் வந்தால் மட்டும் நாய் பாய்கிறது என்று தெரிந்தால், சிகிச்சை அங்கே தொடங்கும். அந்த நோட்டோடு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். விலங்கைக் கொண்டுபோக முடியாத அவசரத்தில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். விலங்கால் தன் குறையை மருத்துவரிடம் சொல்ல இயலாது. உங்கள் நோட்டின் மூன்று பத்திகள் அதற்காகச் சொல்லும்.